மறுபயன் நினைவகமும் மறைந்துறையும் வழுவும்

அன்புவழிபுரத்திற் கடைக்கு நல்லெண்ணெய் வாங்கக் கொண்டுபோகும் போத்தலில் முன்னர் மண்ணெண்ணெய் இருந்திருப்பின் நிகழ்வது யாதென்பதை எவரும் அறிவர். கடைக்காரர் அளந்த எண்ணெயிற் குறையில்லை, போத்தலும் உடைந்ததன்று. கழுவாது நிரப்பியதே குற்றம். கணினியின் நினைவகத்திலும் இத்தகைய குற்றம் நேர்வதுண்டு. அது தொகுப்பியினுள் நேருமாயின் தீங்கு பெரிது. பிழையற எழுதிய மாணவனுடைய செய்நிரலும் தவறான விடையைத் தரும். அவனோ தன் எழுத்திலேயே குற்றந் தேடிக் களைத்துப்போவான்.

நாம் சி முதலிய மொழிகளில் எழுதுவதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தருவது தொகுப்பியாகும். அது ஒவ்வொரு கட்டளைக்கும் நினைவகத்தில் ஒரு சிறு பொருளை அமைக்கின்றது. செம்மை செய்யுங்கால் பலவற்றை நீக்கிப் புதியனவற்றை ஆக்குகின்றது. ஒவ்வொரு முறையும் பொது நினைவகத்தை நாடினால் வேலை தாமதமாகும். ஆதலின் நீக்கிய பொருளின் இடத்தைப் பட்டியலிற் சேர்த்து வைத்து அடுத்த பொருளுக்கு அதனையே வழங்குவர். மும்பாய் இந்தியத் தொழினுட்பக் கழகத்தின் பழைய மாணவராகிய விக்ரம் அட்வேயும், அவரிடம் பயின்ற கிறிஸ் லாட்னரும், 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்திலே தொடங்கிய எல்.எல்.வி.எம். என்னும் தொகுப்பி அமைப்பில் ‘ரீசைக்கிளர்’ என்றே ஒரு பகுதி இதற்கென உண்டு. காலியான இடத்தின் தொடக்கத்திலேயே அடுத்த காலியிடத்தின் முகவரி எழுதப்படும். எஞ்சிய பகுதியில் நீங்கிய பொருளின் உடைமைகள் அப்படியே கிடக்கும்.

இனி, புதிய பொருளுக்குப் பத்து உறுப்புகள் உளவென்றும், அமைத்தவர் ஒன்பதுக்கே தொடக்கப் பெறுமானம் கொடுத்தாரென்றும் கொள்வோம். பத்தாவது, ‘இக்கட்டளையை நீக்கலாமா?’ என்பதற்கு ஆம் அல்லது இல்லை எனும் விடையாகலாம். இயக்க முறைமை முதன்முறை வழங்கும் நினைவகம் பூச்சியங்களால் நிரம்பியது. எனவே விடை ‘இல்லை’ என்றே அமைந்து எல்லாம் செவ்வனே நடக்கும். சிறிய செய்நிரல்களில், பழைய இடம் திரும்பி வருமுன்னரே வேலை முடிந்துவிடும். பெரியதொன்றைத் தொகுக்கும்போதுதான் முன்னவன் விட்டுச்சென்ற ‘ஆம்’ புதியவனுடையதாகி, வேண்டிய கட்டளை நீக்கப்படும். காரணத்தை அறிய ஓர் அச்சிடும் வரியைச் சேர்த்தாலோ, நினைவகம் பங்கிடப்படும் ஒழுங்கு மாறி வழு மறைந்துவிடும். வைத்தியரைக் கண்டதும் தணியும் காய்ச்சல் போன்றது இது.

இதனைப் பிடிக்கும் எளிய வழி, திரும்பிய இடத்தை வேண்டுமென்றே பொருந்தா எண்களால் நிரப்பிவிடுதல். மறுபயன் முறையைத் தற்காலிகமாக நிறுத்திப் பார்ப்பதும் பயன்தரும். வழு உடன் மறையுமாயின் அது மறுபயன் இடங்களில் உறைகின்றதென ஐயுறலாம். இவற்றினும் நுட்பமானது, ஜூலியன் சீவார்ட் தொடக்கிய வால்கிரைண்ட் கருவி. அது நினைவகத்தின் ஒவ்வொரு பிற்றுக்கும் ‘எழுதப்பட்டதா?’ என்று நிழற்கணக்கு வைக்கும். எழுதப்படாததைப் படியெடுத்தால் வாளாவிருக்கும். செய்நிரல் செல்லும் வழி அதனைச் சார்ந்து பிரியும்போதே முறையிடும். வேகம் பன்மடங்கு குறைவது இதன் விலை. கூகிள் நிறுவனத்தாரின் மெமரி சானிட்டைசர் அதே பணியை ஏறக்குறைய மூன்று மடங்கு காலத்திற் செய்யும்.

ஆயினும் இக்கருவிகளையும் மறுபயன் பட்டியல் ஏமாற்றிவிடும். கருவியின் கண்ணுக்கு அவ்விடம் முன்னரே எழுதப்பட்டது; ஆள் மாறியதை அது எவ்வாறு அறியும்? ஆகவே பட்டியலே இடத்தைக் கொடுக்கும்போது, ‘இதனைப் புதியதாகக் கருதுக’ என்று கருவிக்கு அறிவித்தல் வேண்டும். எல்.எல்.வி.எம். ரீசைக்கிளர் அவ்வாறே செய்கின்றது.

கருவியின் வாயை அடைத்தல் எத்துணைக் கேடானது என்பதற்கு டெபியன் லினக்ஸின் கதை சான்று. ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளில் எழுதப்படா நினைவகம் வாசிக்கப்படுகின்றதென வால்கிரைண்ட் முறையிட, 2006 இல் டெபியன் பதிப்பில் இரண்டு வரிகள் விலக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று மறைகுறிச் சாவிகளுக்கு எழுமாற்றுத் தன்மையைச் சேர்க்கும் முதன்மை வரி. எஞ்சியது செயன்முறை எண் மட்டுமே. எனவே ஒவ்வொரு வகைச் சாவிக்கும் ஏறத்தாழ 32,768 வடிவங்களே இயன்றன. இது 2008 மே மாதத்திலேயே வெளிப்பட்டது.

எல்லாவற்றையும் பூச்சியத்தால் நிரப்பிவிட்டால் தொல்லையில்லை என்பாரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பூச்சியம் எப்போதும் சரியான விடையன்று. மேலும், எழுதப்பட்டுவிட்டதென நம்பிக் கருவி மௌனமாகிவிடும். சி பிளஸ் பிளஸ் மொழியின் 2011 ஆம் ஆண்டுத் தரம், உறுப்பை அறிவிக்கும் இடத்திலேயே அதன் தொடக்கப் பெறுமானத்தையும் எழுத இடந்தருகின்றது. அங்கேயே எழுதுக. வால்கிரைண்டும் மெமரி சானிட்டைசரும் விலையின்றிக் கிடைப்பவை. லினக்ஸ் நிறுவிய கணினி ஒன்றிருந்தால், இம்மாணவர் எவரும் பத்து வரிச் செய்நிரலொன்றை எழுதி, ஓர் உறுப்பை வெறுமையாக விட்டு, முறையீடு எவ்வரியில் எழுகின்றதென இன்று மாலையே கண்டுகொள்ளலாம்.