சைக்கிளை விட்டு ஏன் இறங்க வேண்டும்?

மாணவர்களே, நீங்கள் சைக்கிளில் போகிறீர்கள். எதிரே உங்களுக்குப் பிடித்த ஆசிரியர் வருகிறார். இறங்கி வணக்கம் சொல்கிறீர்கள். அவரும் சிரித்தபடி வணக்கம் சொல்கிறார். இது மரியாதை. ஆனால், இறங்காவிட்டால் தண்டனை உண்டு, எதிரே வருபவர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார் என்றால்? அதை மரியாதை என்று சொல்ல முடியுமா?

நம் நாட்டுத் தோட்டங்களில் ஒரு காலத்தில் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளைக்கார துரையோ, ஆசியரான தோட்ட அலுவலரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும்.

1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் என்று அவர்கள் பல கோரிக்கைகளை வைத்தார்கள். அவற்றில் ஒன்று, துரைக்கும் அலுவலர்களுக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்பது.

சம்பளத்தோடும் மருத்துவத்தோடும் சைக்கிளையும் ஏன் சேர்த்தார்கள்?

மேலே யார், கீழே யார்?

நம் மூளை அதிகாரத்தை உயரத்தோடு சேர்த்தே புரிந்துகொள்கிறது. ‘மேலதிகாரி’, ‘கீழே வேலை செய்பவர்’ என்றுதானே சொல்கிறோம்! தாமஸ் ஷூபர்ட் என்ற உளவியலாளர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், அதிகாரம் உள்ளவரின் பெயர் திரையில் மேலே தோன்றியபோது, அவர்தான் அதிகாரம் உள்ளவர் என்று மக்கள் விரைவாகக் கண்டுகொண்டார்கள்.

தோட்டத்தில் துரையின் பங்களா மேட்டில் இருக்கும். தொழிலாளர் லயங்கள் கீழே இருக்கும். சைக்கிளில் இருப்பவர் இறங்கும்போது அவர் உயரமும் குறைகிறது. ‘நீ கீழே, நான் மேலே’ என்ற பாடத்தை ஒரு சொல்கூட இல்லாமல் உடலுக்குத் தினமும் கற்றுக்கொடுக்கும் வழி அது. அதனால்தான் அந்தச் சின்னச் செயல் அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது.

ஒருவர் மறுத்தால் என்ன ஆகும்?

‘எல்லாரும் இறங்குகிறார்கள், நான் மட்டும் எப்படி?’ என்ற எண்ணத்துக்கும் ஓர் ஆய்வு உண்டு. 1950களில் சாலமன் ஆஷ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சிறு குழுவிடம் கோடுகளைக் காட்டி, எவை சம நீளம் என்று கேட்டார். குழுவில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் ஆஷின் ஆட்கள். அவர்கள் வேண்டுமென்றே தவறான விடை சொன்னார்கள். கண்ணெதிரே சரியான விடை தெரிந்தும், ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை அந்த ஒருவரும் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகவே சொன்னார்.

பிறகு ஆஷ் ஒரு மாற்றம் செய்தார். குழுவில் ஒரே ஒருவரை மட்டும் சரியான விடை சொல்ல வைத்தார். அவ்வளவுதான், கூட்டத்துக்குப் பணிவது ஏறக்குறைய கால் பங்காகக் குறைந்துவிட்டது!

தோட்டத்தில் தண்டனைப் பயமும் இருந்தது. எனவே கோடு அளப்பதும் அதுவும் ஒன்றல்ல. ஆனாலும் ஒன்று புரிகிறது: முதலில் மறுப்பவர் தன் காரியத்தை மட்டும் பார்க்கவில்லை, பக்கத்தில் தயங்கி நிற்பவருக்கும் தைரியம் தருகிறார்.

சின்னச் செயல் மட்டும் போதுமா?

போதாது. 1941 மே மாதம் சங்கத் தலைவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படையினர் வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சம்பளமும் சட்டமும் மாற, சங்கமும் நீண்ட போராட்டமும் தேவைப்பட்டன. ஆனால், தினமும் தலைகுனிந்து பழகியவர்கள் ஒன்றுகூடிக் கேட்பது கடினம். நிமிர்ந்து நிற்பது அதன் முதல் படி.

இன்று கூலாயில் நாம்?

துரை போய்விட்டார். வழக்கங்கள் எல்லாம் போய்விட்டனவா? பள்ளியைத் துப்புரவு செய்யும் அம்மாவின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத் தொழிலாளி கடையில் நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், நாம் நகர்ந்து உட்காருகிறோமா? வீட்டில் அண்ணன் சாப்பிட்ட தட்டைத் தங்கைதான் கழுவ வேண்டுமா? இப்போது சைக்கிளில் இருப்பது நாமாகவும் இருக்கலாம், எதிரே வரும் துரையாகவும் இருக்கலாம்.

செய்து பாருங்கள்

ஒரு வாரம் கவனியுங்கள். உங்கள் வகுப்பிலும் வீட்டிலும் யார் எப்போதும் நிற்கிறார், யார் எப்போதும் உட்காருகிறார்? யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறோம், யாரை ‘ஏய்’ என்கிறோம்? ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அடுத்த வாரம் மாற்றிச் செய்யுங்கள். உங்களைப் பார்த்து வேறு எத்தனை பேர் மாறுகிறார்கள் என்றும் எண்ணுங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி தோட்டத்தில் வளர்ந்தவர்கள் என்றால், அந்தக் காலத்துச் சைக்கிள் கதையை அவர்களிடமும் கேளுங்கள்.