மேடைக்கு வர இயலாத இரு சிறப்புரையாளர்கள்

நோயாளர்களும் குடும்பத்தினரும் கூடும் எங்கள் ஆண்டுச் சந்திப்பில், பொதுப்பணியிலிருந்து ஒருவரையும் நெடுந்தூர ஓட்டம் போன்ற விளையாட்டிலிருந்து ஒருவரையும் சிறப்புரைக்கு அழைப்பது வழக்கம். சென்ற முறை கூட்டம் கலைந்த பின், கணவரின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக எட்டு மாதங்களாக இங்கு வந்துகொண்டிருந்த அம்மையார் ஒருவர் எங்களிடம் வந்தார். "எல்லையைத் தொட்டவர்களையே அழைக்கிறீர்கள். நாங்கள் இன்னும் பாதி வழியில் அல்லவா நிற்கிறோம்?" என்றார். அன்று எங்களிடம் விடையில்லை.

அந்தக் கேள்வியை மனத்தில் வைத்தே இவ்வாண்டு இருவரைத் தேர்ந்திருக்கிறோம். இருவரும் இன்று உயிருடன் இல்லை. அவர்கள் வாழ்வை எங்கள் செவிலியர் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் எடுத்துரைப்பார்கள்.

முதலாமவர் கனடா நாட்டு டெர்ரி ஃபாக்ஸ். 1977இல், 18ஆம் வயதில், எலும்புப் புற்றுநோயால் வலக்காலை முழங்காலுக்கு மேலே இழந்தவர். மருத்துவமனையில் உடன் சிகிச்சை பெற்ற சிறுவர்களின் துன்பம் அவரை விட்டு நீங்கவில்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, நாட்டின் கீழ்க்கரையிலிருந்து மேற்குக்கரை வரை ஓடிக் கடப்பதென்று முடிவு செய்தார். 1980 ஏப்ரல் 12 அன்று அட்லாண்டிக் கடலில் செயற்கைக் காலை நனைத்துப் புறப்பட்டார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர். ஒரு முழு மாரத்தான் தூரம். அக்காலச் செயற்கைக் கால் ஓடுவதற்கென்று செய்யப்பட்டதன்று. ஆகவே நல்ல காலால் இருமுறை தத்தி, மறு காலை ஒருமுறை ஊன்றும் நடையே அவருடையதாயிற்று.

இவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் ஒருவர் உண்டு. டக் ஆல்வார்ட் என்ற நண்பர். வேனை ஓட்டியவர், சமைத்தவர், சிறிது தூரம் முன்னே சென்று நிறுத்தித் தண்ணீருடன் காத்திருந்தவர். தொடக்க வாரங்களில் இவ்விருவருக்கும் இடையே பிணக்கு முற்றி, பேச்சே நின்றுபோகும் நிலை வந்தது. டெர்ரியின் பெற்றோர் நோவா ஸ்கோஷியாவுக்கு விமானத்தில் வந்து சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. பின்னர் 17 வயதுத் தம்பி டாரல் இருவருக்கும் நடுவே ஒரு துணையாகப் பயணத்தில் சேர்ந்தார். வலியில் இருப்பவர் சினந்து பேசுவதும், உடனிருப்பவர் பொறுத்துப் பொறுத்து ஒருநாள் வெடிப்பதும் எங்கள் வார்டுகளில் நாங்கள் அன்றாடம் காண்பவைதாமே. மூன்றாவது ஆளொருவர் வந்து பாரத்தைப் பகிர்ந்ததும் மூச்சு விட முடிந்தது என்பதை உடனிருப்போர் கவனிக்க வேண்டுகிறோம்.

ஒன்றில் மட்டும் டெர்ரியைப் பின்பற்றச் சொல்லோம். ஓட்டத்தின்போது மருத்துவப் பரிசோதனைகளை அவர் தட்டிக் கழித்தார். செப்டம்பர் 1 அன்று, தண்டர் பே நகருக்கு அருகே, இருமலும் நெஞ்சு வலியும் அவரை நிறுத்தின. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியிருந்தார். மேற்குக்கரையை அவர் தொடவேயில்லை. ஆயினும் கனடியர் ஒருவருக்கு ஒரு டாலர் என்ற அவரது குறிக்கோளை 1981 பிப்ரவரியில் நிதி எட்டியது. அவ்வாண்டு ஜூன் 28 அன்று, 22 வயதில் காலமானார். அவர் பெயரால் நடக்கும் ஓட்டம் அவ்வாண்டு செப்டம்பரில் தொடங்கி இன்றளவும் தொடர்கிறது.

இரண்டாமவர் நோயாளியல்லர், நோயாளியின் அருகிருந்தவர். புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவைக்குச் சென்று அதன் துணைத் தலைவரானதும், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியதும் பலரும் அறிந்தவை. எங்களை நிறுத்தி எண்ண வைப்பது அதற்கு முந்தைய ஆண்டு: 1923. அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். மருத்துவராகிய தமக்கையால் பக்கத்தில் இருக்க முடிந்ததே தவிர, காப்பாற்ற முடியவில்லை.

புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அந்தப் படுக்கையருகே பிறந்தது. 1935இல், தாம் பயின்ற கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அதை வெளிப்படக் கூறினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாற்றில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 67. தங்கை மறைந்து 31 ஆண்டுகள் கடந்திருந்தன. நெடுந்தூரம் ஓடியவர் இவ்விருவருள் யார் என்று எங்களுக்குள்ளேயே ஒரு விவாதம் நடந்தது, முடிவு எட்டப்படவில்லை. அந்த மருத்துவமனையில் 1955இல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021இல் மறையும் வரை அதையே தம் இல்லமாகக் கொண்டிருந்தார்.

சந்திப்பின் நாளும் நேரமும் வார்டு அறிவிப்புப் பலகையில் இடப்படும். சக்கர நாற்காலி வேண்டுவோர் முன்கூட்டியே செவிலியரிடம் சொல்லலாம். களைப்பாக இருந்தால் இடையில் எழுந்து செல்லத் தயங்க வேண்டாம். உரைகளுக்குப் பின் அரை மணி நேரத்தை உடனிருப்போர் பேசுவதற்கென ஒதுக்கியுள்ளோம். சென்ற ஆண்டு கேள்வி கேட்ட அம்மையாரை முதலில் பேச அழைத்திருக்கிறோம். கணவரின் அடுத்த சிகிச்சை நாள் இடம் கொடுத்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.