விண்கலத்தில் வந்து இறங்கிய ஏவாள்

ஒருவர் உங்களுக்குக் கதை சொல்கிறார். பறக்கும் கம்பளம் என்கிறார், தலையாட்டுகிறீர்கள். பேசும் கிளி என்கிறார், அதற்கும் தலையாட்டுகிறீர்கள். கடைசியில், "கம்பளம் போய் இறங்கிய இடம் மதுரை. அங்கே கடற்கரையில் காற்று வாங்கினார்கள்" என்கிறார். உடனே நீங்கள் எழுந்து, "மதுரையில் ஏது கடற்கரை?" என்று கேட்பீர்கள் அல்லவா?

பறக்கும் கம்பளத்தை ஒப்புக்கொண்ட நீங்கள் மதுரைக் கடற்கரையை மட்டும் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை? கம்பளம் அவர் கற்பனை செய்தது. அதை அவர் எப்படி வேண்டுமானாலும் பறக்க விடலாம். மதுரை அப்படியல்ல. அது உண்மையாகவே இருக்கும் ஊர். அதன் பெயரைச் சொன்னால் அதன் உண்மையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதைப் போன்ற ஒரு கோபம் 2009-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் எழுந்தது. ஒரு விஞ்ஞானக் கதைத் தொடரின் கடைசிப் பகுதியைத் தொலைக்காட்சியில் பார்த்த ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். அந்த வாதத்தின் நடுவே நம் எல்லோருடைய உடலிலும் இருக்கும் ஒரு சிறிய பொருள் மாட்டிக்கொண்டது. அது என்ன என்று பார்ப்போமா?

கதை என்ன?

தொடரின் பெயர் பேட்டில்ஸ்டார் கேலக்டிகா. 1978-இல் இதே பெயரில் ஒரு தொடர் வந்தது. அதை ரொனால்டு டி. மூர் என்பவர் புதிய முறையில் மாற்றி எழுதினார். புதிய தொடர் 2003-இல் ஒரு முன்கதையோடு தொடங்கி, நான்கு பருவங்கள் ஒளிபரப்பாகி, 2009 மார்ச் 20-இல் முடிந்தது.

எங்கோ தொலைவில் பன்னிரண்டு உலகங்களில் மனிதர்கள் வாழ்கிறார்கள். வேலை செய்வதற்காக அவர்கள் உண்டாக்கிய இயந்திரங்களுக்குச் சைலான்கள் என்று பெயர். ஒருநாள் சைலான்கள் எதிர்த்துக் கிளம்பி அணுகுண்டுகளால் பன்னிரண்டு உலகங்களையும் அழித்துவிடுகின்றன. கப்பல்களில் தப்பியவர்கள் சுமார் 50,000 பேர்தான். கேலக்டிகா என்னும் பழைய போர்க்கப்பல் காவலாக வர, அவர்கள் பூமி என்ற உலகத்தைத் தேடிப் புறப்படுகிறார்கள். சைலான்களில் சிலர் இப்போது மனித உருவத்திலேயே இருக்கிறார்கள். யார் மனிதர், யார் சைலான் என்று தெரியாத நிலை!

இது வெறும் சண்டைக் கதை அல்ல. அகதிகளின் துன்பம், கைதிகளைச் சித்திரவதை செய்வது சரியா, ஆபத்துக் காலத்தில் தேர்தல் வேண்டுமா போன்ற கேள்விகளை அது எழுப்பியது. கடைசிப் பகுதிக்கு மூன்று நாள் முன்பு, 2009 மார்ச் 17-இல், நியூயார்க்கிலுள்ள ஐக்கிய நாடுகள் சபையின் தலைமையகத்தில் இந்தத் தொடரை வைத்து மனித உரிமைகள் பற்றி ஒரு கலந்துரையாடலே நடந்தது. அதனால் முடிவைக் குறித்து ரசிகர்கள் எவ்வளவு எதிர்பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

முடிவில் நடந்தது இதுதான். எஞ்சியவர்கள் நம் பூமிக்கு வந்து சேர்கிறார்கள். ஆனால் காலம் 1,50,000 ஆண்டுகளுக்கு முன்னால். அங்கே ஆதி மனிதர்கள் ஏற்கனவே வேட்டையாடி வாழ்கிறார்கள். வந்தவர்கள் தங்கள் கப்பல்களை எல்லாம் சூரியனுக்குள் செலுத்தி அழித்துவிட்டு, பூமியில் பல திசைகளில் பிரிந்து போகிறார்கள். அவர்களில் ஹீரா என்று ஒரு சிறுமி. அவள் தந்தை மனிதர், தாய் சைலான். பிறகு காட்சி திடீரென்று இன்றைய நியூயார்க்குக்குத் தாவுகிறது. டான்சானியாவில் ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் கிடைத்திருப்பதாகவும், அவளே 'மைட்டோகாண்ட்ரியா ஏவாள்', இன்றுள்ள மனிதர் எல்லோருக்கும் மிக அண்மைய பொது மூதாதை என்றும் ஒரு பத்திரிகைச் செய்தி படிக்கப்படுகிறது. அந்தப் பெண்தான் ஹீரா!

ரசிகர்களில் ஒரு பகுதியினர் கண் கலங்கினார்கள். நிறைவான முடிவு என்றார்கள். இன்னொரு பகுதியினர் கொதித்தார்கள். மருந்தையும் கருவிகளையும் ஏன் தூக்கி எறிய வேண்டும்? முடிச்சுகளை எல்லாம் தெய்வச் செயல் என்று சொல்லி அவிழ்ப்பது நியாயமா? இப்படிப் பல கேள்விகள். எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தம் ஏமாற்றத்தை வெளிப்படையாகவே எழுதினார். கணினித் துறையைச் சேர்ந்த பிராட் டெம்பிள்டன் என்ற ரசிகர் நீண்ட கட்டுரை ஒன்றில் முடிவைக் குறை கூறினார். அவருடைய முக்கியமான குறைகளுள் ஒன்று 'மைட்டோகாண்ட்ரியா ஏவாள்' பற்றியது. இதுதான் அந்தக் கதையின் மதுரைக் கடற்கரை.

செல்லுக்குள் ஒரு வளையம்

நம் உடல் செல்களால் ஆனது. செல்லின் நடுவே உட்கரு, அதற்குள் டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறு. அதில் சுமார் 300 கோடி எழுத்துகளில் நம் உடலுக்கான குறிப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன. இப்படி ஒரு தொகுதி தாயிடமிருந்தும் இன்னொரு தொகுதி தந்தையிடமிருந்தும் வருகிறது.

உட்கருவுக்கு வெளியே மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. உணவிலிருந்து செல்லுக்குத் தேவையான ஆற்றலை எடுத்துத் தருவது இவற்றின் வேலை. இவற்றுக்குள் தனியாக ஒரு சிறிய டி.என்.ஏ. வளையம் இருக்கிறது. அதன் நீளம் 16,569 எழுத்துகள்தான். இந்த வளையம் தாயிடமிருந்து மட்டுமே குழந்தைக்கு வருகிறது. விந்தணுவிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. ஆனால் முட்டைக்குள் சென்றபின் அவை அழிக்கப்பட்டுவிடுகின்றன.

இதை ஒரு கோலத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஓர் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கோலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாய் தன் பிள்ளைகள் எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கிறாள். மகன்களும் கற்கிறார்கள், ஆனால் அவர்கள் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. மகள்கள் மட்டுமே தங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஒருத்திக்கு மகள்களே பிறக்காவிட்டால்? அவள் வழியாக அந்தக் கோலம் மேலே போகாது. அவளுக்கு நான்கு மகன்களும் இருபது பேரப்பிள்ளைகளும் இருக்கலாம். ஆனால் அவள் கோலம் நின்றுபோகும்.

எப்போதாவது ஒரு மகள் போடும்போது ஒரு புள்ளி கூடியோ குறைந்தோ போய்விடும். அந்தப் பிழையோடுதான் அவள் தன் பெண்களுக்குக் கற்றுத்தருவாள். பல தலைமுறைகள் கழித்து எல்லாக் கோலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது எதிலிருந்து பிரிந்தது என்று சொல்லிவிடலாம்.

விஞ்ஞானிகள் செய்ததும் இதுதான். அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் மூவரும், உலகின் பல பகுதி மக்களின் வழிவந்த 147 பேரின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை ஒப்பிட்டார்கள். முடிவு 1987 ஜனவரியில் நேச்சர் இதழில் வெளிவந்தது. எல்லா வளையங்களும் சுமார் 2,00,000 ஆண்டுகளுக்கு முன், பெரும்பாலும் ஆப்பிரிக்காவில், வாழ்ந்த ஒரே பெண்ணிடம் போய் முடிந்தன. அவளுக்குத்தான் 'ஏவாள்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வில்சனுக்கோ அந்தப் பெயரில் விருப்பமில்லை. 'அதிர்ஷ்டத் தாய்' என்று சொல்வதே பொருத்தம் என்று அவர் கருதினார். ஏன் தெரியுமா? ஒரு விளையாட்டு விளையாடிப் பார்ப்போம்.

நீங்களே செய்து பாருங்கள்

பத்துத் துண்டுச் சீட்டுகளில் பத்து வெவ்வேறு எழுத்துகளை எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். இவர்கள் முதல் தலைமுறைத் தாய்மார்கள் பத்துப் பேர். ஒரு சீட்டை எடுத்து, எழுத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். இப்படிப் பத்து முறை செய்யுங்கள். குறித்த பத்து எழுத்துகளுக்கும் புதிய சீட்டுகள் எழுதுங்கள். இதுவே இரண்டாம் தலைமுறை. பழைய சீட்டுகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்து மீண்டும் தொடங்குங்கள்.

முதல் சுற்றிலேயே சில எழுத்துகள் காணாமல் போயிருக்கும். வேறு சில இரண்டு மூன்று முறை வந்திருக்கும். சுற்றுகள் போகப் போக எழுத்துகள் குறையும். பத்துச் சுற்றிலோ முப்பது சுற்றிலோ, பத்துச் சீட்டிலும் ஒரே எழுத்து நிற்கும்! அந்த எழுத்துக்குத் தனிச் சிறப்பு ஏதாவது உண்டா? இல்லை. மறுபடி ஆடினால் வேறு எழுத்து வெல்லும். அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் டப்பாவில் பத்துப் பேர் இருந்தார்கள். வென்ற எழுத்தின் முதல் தாய் ஒருநாளும் தனியாக இருக்கவில்லை.

மூன்று தவறுகள்

இப்போது அந்தத் தொடரின் கடைசிக் காட்சிக்குத் திரும்புவோம்.

முதல் தவறு: ஏவாள் 'எல்லோருக்கும் மிக அண்மைய பொது மூதாதை' அல்ல. தாய், தாயின் தாய், அவள் தாய் என்று ஒரே கோட்டில் போனால் கிடைப்பவள் மட்டுமே அவள். பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்கள் முன்னோருக்கான இடங்கள் 1,024. அவற்றில் உங்கள் மைட்டோகாண்ட்ரியாவைத் தந்த இடம் ஒன்றே ஒன்று. மற்ற 1,023 இடங்களில் இருந்தவர்களும் உங்கள் முன்னோர்தானே? எல்லாக் கோடுகளையும் கணக்கில் எடுத்தால் பொது மூதாதை சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்திருக்கலாம் என்று 2004-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கணித ஆய்வு காட்டியது.

இரண்டாம் தவறு: எலும்பைக் கண்டு 'இவள்தான் ஏவாள்' என்று சொல்ல முடியாது. அவளுடைய தாய்க்கும் சகோதரிக்கும் அதே வளையம் இருந்திருக்குமே! வெப்ப நாட்டில் இவ்வளவு காலம் டி.என்.ஏ. சிதையாமல் இருப்பதும் அரிது. மேலும் ஏவாள் என்பது மாறக்கூடிய பட்டம். இன்றுள்ள சில தாய்வழிகள் நாளை அற்றுப்போனால், அந்தப் பட்டம் அவளுக்குப் பின் வந்த இன்னொருத்திக்குப் போய்விடும்.

மூன்றாம் தவறுதான் பெரியது. ஹீராவின் வளையம் அவளுடைய சைலான் தாயிடமிருந்து, அதாவது வேறு உலகத்திலிருந்து, வந்தது. அவள் ஏவாள் என்றால் நம் எல்லோருடைய வளையமும் வேற்றுலகச் சரக்கு. அப்படியானால் அது இந்தப் பூமியின் பிற உயிர்களோடு உறவு காட்டக் கூடாது. ஆனால் நம் வளையம் சிம்பன்சியின் வளையத்தை நெருங்கி ஒத்திருக்கிறது. அழிந்துபோன நியாண்டர்தால் மனிதரின் வளையத்தில் ஒரு பகுதி 1997-இலும், முழுவதும் 2008-இலும் படிக்கப்பட்டது. அது நம்முடையதை இன்னும் நெருங்கி நிற்கிறது. ஆக, நம் வளையம் இந்த மண்ணிலேயே வளர்ந்தது. இது தொடர் முடிவதற்கு முன்பே தெரிந்திருந்த உண்மை.

கதைதானே, விட்டுவிடலாமா?

"கதை கதையாக இருக்கட்டும். எங்களுக்கு முக்கியம் அந்தப் பாத்திரங்கள்தான்" என்றார்கள் முடிவை விரும்பிய ரசிகர்கள். மூரும் தமக்குப் பாத்திரங்களே முதன்மை என்றார். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான்கு பருவங்கள் கூடவே வந்த மனிதர்களுக்கு விடை கொடுக்கும்போது யார் டி.என்.ஏ. எழுத்துகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள்? ஒளியை விட வேகமாகத் தாவும் கப்பல்களை யாரும் குறை சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆனால் கப்பல்கள் கற்பனை. மைட்டோகாண்ட்ரியா உங்கள் கைவிரலில் இருக்கிறது. "நீ யாருடைய வழியில் வந்தவன்?" என்ற கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல. அதற்குத் தவறான விடை சொல்லி, அந்தத் தவறான விடையை வைத்து மனிதரை மேலோர் கீழோர் என்று பிரித்த கதைகள் வரலாற்றில் பல உண்டு. வானிலிருந்து வந்த ஒருத்தியின் வம்சம் நாம் என்பது கேட்க இனிமையாக இருக்கலாம். உண்மையோ அதைவிடப் பெரியது: நம் மூதாதையர் ஒருவர் அல்ல, ஆயிரக்கணக்கானவர், அவர்களில் ஒருத்தியின் சிறு வளையம் மட்டும், தற்செயலாக, இன்றும் நம் எல்லோரிடமும் இருக்கிறது. உங்கள் வகுப்பில் உங்களுக்குப் பிடிக்காத மாணவனிடமும் அதுவே இருக்கிறது!

அந்த ரசிகர்களின் கோபத்தில் கொஞ்சம் அவசரமும் கடுமையும் இருந்திருக்கலாம். ஆயினும் ஒரு நல்ல பழக்கம் அதில் இருந்தது. கதையை ரசித்துக்கொண்டே, "இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்?" என்று கேட்ட பழக்கம் அது.

அடுத்த முறை விஞ்ஞானக் கதை ஒன்றைப் படிக்கும்போதோ பார்க்கும்போதோ, ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் கம்பளங்களையும் மறு பக்கம் மதுரைகளையும் எழுதிப் பாருங்கள். மதுரையில் எங்காவது கடற்கரை தென்பட்டால் விடாதீர்கள். நூலகத்துக்குப் போய்ச் சரிபாருங்கள்.