இமைக்குள் ஒரு துளி நஞ்சு

கண் துடித்தால் வலமா இடமா என்று பார்த்துப் பலன் சொல்வது நம் வழக்கம். தூக்கம் கெட்டாலோ காபி கூடினாலோ இமையோரம் லேசாகத் துடிக்கும். சில நாளில் தானே அடங்கும். அதற்கு மருத்துவரும் வேண்டாம், ஜோசியரும் வேண்டாம்.

பிளெஃபரோஸ்பாசம் வேறு. இரண்டு கண்களின் இமைகளும் நம்மைக் கேட்காமலே இறுக மூடிக்கொள்ளும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு அதிகம் வருகிறது. பார்வையில் குறையில்லை, கண்ணைத் திறக்கத்தான் முடியாது. வெயில் பட்டால் மோசமாகும். காட்பாடி மேம்பாலத்தில் சித்திரை வெயிலில் வண்டி ஓட்டுபவருக்கும், ஆம்பூரில் ஷூ தைக்கும் மெஷின் முன் அமர்ந்திருப்பவருக்கும் இது பிழைப்பையே நிறுத்திவிடும். தசை அசைவை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகளின் கோளாறு இது. ஆனால் கண்ணாடி மாற்றி, சொட்டு மருந்து மாற்றி, கடைசியில் ‘மனசுதான் காரணம்’ என்ற பட்டமும் வாங்கியவர்கள் உண்டு. அநியாயம்.

இதற்கு மருந்து, கெட்டுப்போன டப்பா உணவில் ஆளைக் கொல்லும் பாட்டுலினம் நஞ்சு! நரம்பு தசைக்கு ஆணையிடச் சுரக்கும் அசிட்டைல்கோலினை அது தடுத்துவிடும். ஆணை வராத தசை தளரும். சான் பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்காக இதைப் பழக்கி, 1980இல் மனிதர்களிடம் கண்ட பலனை வெளியிட்டார். மாறுகண்ணுக்கும் இமை இறுக்கத்துக்கும் அமெரிக்கா 1989இல் அனுமதி தந்தது. முகச்சுருக்கம் போக்கும் சினிமாப் புகழெல்லாம் பிறகு வந்ததுதான்.

மெல்லிய ஊசியால் கண்ணைச் சுற்றிச் சில இடங்களில் துளித்துளியாகப் போடுவார்கள். சில நிமிட வேலை. மேலிமையின் நடுப்பகுதியை மட்டும் தவிர்ப்பார்கள். இமையைத் தூக்கும் தசை அங்கே இருக்கிறது. மருந்து அதில் பரவினால் இமை தொங்கிப்போகும், சில வாரங்களில் சரியாகும். கண் உலர்வதும் உண்டு. மூன்று நாளில் பலன் தெரியத் தொடங்கி ஏறக்குறைய மூன்று மாதம் நிற்கும். நரம்பு மீண்டும் தசையோடு தொடர்பு பிடித்ததும் இறுக்கம் திரும்பும், மறுபடி ஊசிதான். நோய் தீராது, வாழ்க்கை திரும்பும்.

கண் மருத்துவர், நரம்பியல் மருத்துவர் இருவருமே பார்க்கும் நோய் இது. காட்பாடிக்காரர்கள் தூரம் போக வேண்டியதில்லை: ஜேக்கப் சாண்டி 1949இல் இந்தியாவின் முதல் நரம்பியல் துறையைத் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும், அதன் ஷெல் கண் மருத்துவமனையும் பாலாற்றுக்கு அக்கரையில்தான் இருக்கின்றன.

கர்ப்பமாக இருந்தால், தசைத் தளர்ச்சி நோய் இருந்தால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொன்று: மருத்துவர் எதிரே உட்கார்ந்ததும் இமைகள் சமர்த்தாகிவிடுவது உண்டு. வீட்டில் இறுக்கம் வரும்போதே செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.