இரண்டு பூக்களும் ஒரு மின்சுற்றும்

ஆடிப் பதினெட்டன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? காவிரி கரை தொட்டு ஓடும். மக்கள் மஞ்சளும் பூவும் ஆற்றில் விடுவார்கள். அடுத்த முறை போகும்போது ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு சாமந்திப் பூக்களை எடுத்து, ஒன்றையொன்று தொடும்படி நீரில் விடுங்கள். சிறிது தூரம் இணைபிரியாத தோழிகள் போலச் செல்லும். பிறகு ஒரு சிறு சுழல் குறுக்கிடும். ஒன்று கரையோரம் ஒதுங்கும். மற்றொன்று நடு ஆற்றுக்குப் போய்விடும்.

இரண்டும் ஒரே ஆறு, ஒரே நேரம், ஒரே பூ. இருந்தும் ஏன் பிரிந்தன? புறப்பட்ட இடத்தில் இருந்த அரை அங்குல வேறுபாடுதான் காரணம் என்றால் நம்புவீர்களா?

"சிறு காரணத்துக்குச் சிறு விளைவு, இரு மடங்கு காரணத்துக்கு இரு மடங்கு விளைவு" என்பதே நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியல். கம்பிச்சுருளில் எடையை இரட்டித்தால் நீட்சி இரட்டிக்கும். மின்னழுத்தத்தை இரட்டித்தால் மின்னோட்டம் இரட்டிக்கும். வரைபடத் தாளில் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். இவற்றை நேரியல் விதிகள் என்கிறோம். ஆனால் இயற்கை பெரும்பாலும் வளைகோட்டில்தான் நடக்கிறது. அந்த வளைகோட்டு உலகை ஆராயும் துறைக்கு நேரியல் சாரா இயக்கவியல் என்று பெயர். அத்துறையில் உலகம் அறிந்த ஒரு மின்சுற்று நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்தது.

கணிப்பான் போதும்

முதலில் ஒரு கணக்கு. ஒன்றுக்குக் குறைவான ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒன்றிலிருந்து கழியுங்கள். கிடைத்ததை முதல் எண்ணால் பெருக்கி, பிறகு நான்கால் பெருக்குங்கள். வரும் விடையை மீண்டும் அதே முறையில் நடத்துங்கள்.

0.300-இல் தொடங்கினால் 0.84, 0.538, 0.994 என்று வரும். 0.301-இல் தொடங்கினால் 0.842, 0.533, 0.996 என்று வரும். இதுவரை இரண்டும் தோளோடு தோள் சேர்ந்தே நடக்கின்றன. எட்டாவது படியில் முதல் வரிசை 0.448, இரண்டாவது 0.719. பத்தாவது படியில் 0.043-உம் 0.620-உம்! ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு பத்தே படிகளில் இவ்வளவு பெரிதாகிவிட்டது. இடையில் எந்தத் தற்செயலும் நுழையவில்லை. ஒவ்வொரு படியும் கறாரான விதிப்படியே நடந்தது. விதி உண்டு; ஆனால் நெடுந்தூரம் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதைத்தான் 'கேயாஸ்' என்கிறார்கள்.

அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்டு லோரென்ஸ் 1961-இல் இதே அனுபவத்தைக் கண்டார். கணிப்பொறியில் வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டும்போது 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். சற்று நேரத்தில் முற்றிலும் வேறு வானிலை வந்துவிட்டது! 1963-இல் அவர் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

காதில் விழுந்தும் கேளாத ஒலி

இதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேயாஸைக் காதாலேயே கேட்டிருந்தார் என்பது வியப்பு. ஹாலந்து நாட்டுப் பொறியியல் அறிஞர் வான் டெர் பால், 1927-இல் நியான் விளக்கு கொண்ட ஒரு மின்சுற்றைத் தொலைபேசிக் கேட்பானில் கேட்டு ஆராய்ந்தார். அதிர்வெண் ஓர் எண்ணிலிருந்து மற்றோர் எண்ணுக்குத் தாவுமுன் ஒழுங்கற்ற இரைச்சல் ஒன்று கேட்டது. அதைக் கட்டுரையில் குறிப்பிட்ட அவர், இது முக்கியமற்ற பக்க விளைவு என்று கடந்து போய்விட்டார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். முதுகலை படிக்கும்போது நானும் அதைத்தான் செய்தேன். ஆய்வுக்கூடத்தில் என் மின்சுற்றின் அலை, ஆஸிலாஸ்கோப் திரையில் நிலைக்காமல் துள்ளியது. இணைப்பு சரியில்லை என்று எண்ணி, குமிழைத் திருப்பி, அலை ஒழுங்கான இடத்தை மட்டும் ரெக்கார்டு நோட்டில் வரைந்தேன். முழு மதிப்பெண்ணும் கிடைத்தது! துள்ளியது பிழையா, கேயாஸா என்று இன்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நானே அழித்துவிட்டேன்.

திருச்சியில் பிறந்த சுற்று

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மு. லட்சுமணன் நேரியல் சாரா இயக்கவியலில் ஓர் ஆய்வுக் குழுவை வளர்த்தார். அவரும் அவருடன் ஆய்வு செய்த கே. முரளியும், அமெரிக்காவில் பெர்க்லியிலிருந்த லியான் சுவா என்னும் பேராசிரியரும் சேர்ந்து 1994-இல் ஒரு மின்சுற்றை வெளியிட்டனர். மூவர் பெயராலும் அது 'முரளி–லட்சுமணன்–சுவா சுற்று' என்று வழங்குகிறது.

அதில் என்ன இருக்கிறது? ஒரு மின்தூண்டி, ஒரு மின்தேக்கி, ஒரு மின்தடை, ஏறத்தாழ 8,900 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள ஒரு மாறுமின்னழுத்த மூலம். இவை எல்லாம் உங்கள் பாடநூலில் உள்ளவையே. ஐந்தாவதாக 'சுவா டையோடு' என்ற ஓர் உறுப்பு. சாதாரண மின்தடையின் வரைபடம் நேர்கோடு. இதன் வரைபடமோ இரண்டு இடங்களில் முறிந்த மூன்று துண்டுக் கோடு. மேலும், இது ஆற்றலை உண்பதற்குப் பதில் சுற்றுக்கு ஊட்டும். கடையில் கிடைக்கும் பெருக்கிச் சில்லுகளையும் மின்தடைகளையும் கொண்டே இதைச் செய்துவிடலாம்.

மூலத்தின் மின்னழுத்தத்தை மெல்ல உயர்த்துங்கள். முதலில் திரையில் ஒற்றை வளையம் தெரியும். பிறகு அது இரட்டை வளையமாகும். அடுத்து நான்காகும், எட்டாகும். சட்டென்று ஒரு கட்டத்தில் வளையம் மூடாமலே சுற்றிச் சுற்றி வரும். ஒரு முறை போன வழியில் மறுமுறை போகாது. ஆயினும் எல்லை தாண்டி ஓடிவிடாது. இவ்வளவையும் காட்டப் பெரிய எந்திரம் எதுவும் வேண்டாம். மேசை மேல் உள்ளங்கையளவு பலகை போதும். எளிமையே இதன் பெருமை. இதனால்தான் உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இது மாணவர் கைக்கு வந்தது.

நெஞ்சுக்குள் ஒரு சுழல்

"பூவும் மின்சுற்றும் இருக்கட்டும் ஐயா, இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்பீர்கள். உங்கள் நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள். இதயத்தின் மேற்பகுதியில் ஏறத்தாழ 10,000 செல்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. ஒவ்வொரு செல்லும் ஒரு தனிக் கடிகாரம். அவை ஒன்றுக்கொன்று கைகொடுத்து ஒரே தாளத்தில் அடிப்பதால்தான் இதயம் துடிக்கிறது. இதை ஒத்திசைவு என்கிறோம். நேரியல் அலைவுக்குத் தனக்கென்று ஒரு வீச்சைக் கட்டிக்காக்கும் திறன் கிடையாது. ஆகவே இதயத்தின் கணக்கு வளைகோட்டுக் கணக்கே. முன்பு சொன்ன வான் டெர் பால், 1928-இல் மின்சுற்றாலேயே ஓர் இதய மாதிரி அமைத்தார்.

சில நோயாளிகளுக்கு, இதயத்தில் பரவும் மின்னலை, காவிரி நீர் பாலத்துத் தூணில் மோதிச் சுழல்வதுபோல, உடைந்து சிறு சிறு சுழல்களாகிவிடுகிறது. இதயத் தசை துடிக்காமல் வெறுமனே நடுங்கும். சில நிமிடங்களில் உயிர் போய்விடும். மருத்துவர் வலுவான மின்னதிர்ச்சி கொடுத்து எல்லாச் செல்களையும் ஒருசேர அடக்குகிறார். பிறகு அந்த முடிச்சு தாளத்தை மறுபடி தொடங்குகிறது. உயிர் காக்கும் சிகிச்சைதான். ஆனால் அந்த அதிர்ச்சியே திசுக்களுக்குத் தீங்கும் செய்யலாம்.

சுழலின் கணக்கு தெரிந்தால் மெல்லத் தட்டியே அடக்கலாமே! 1992-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முயலின் இதயத் திசுவில் ஒழுங்கற்ற துடிப்பை, சரியான நேரத்தில் கொடுத்த சிறு மின்துடிப்புகளால் ஒழுங்குக்குக் கொண்டுவந்தனர். 2011-இல் ஜெர்மனி, அமெரிக்க அறிஞர்கள், ஒரே பேரதிர்ச்சிக்குப் பதில் மெல்லிய துடிப்புகளை வரிசையாகக் கொடுத்தால் மிகக் குறைந்த ஆற்றலே போதும் என்று விலங்குகளில் காட்டினர்.

நாடளவு ஓர் ஊசல்

இதே ஒத்திசைவு உங்கள் வீட்டு மின்விளக்கிலும் இருக்கிறது. இந்தியாவின் மின்னாக்கிகள் எல்லாம் நொடிக்கு 50 சுற்று என்ற ஒரே அலையில் கைகோத்து ஓடவேண்டும். 2012 ஜூலை 30 அன்று வட இந்தியாவில் பீனா–குவாலியர் மின்பாதை மிகுந்த பளுவால் துண்டிக்கப்பட்டது. அந்தப் பளு மற்றப் பாதைகள் மேல் ஏறியது. அவையும் ஒவ்வொன்றாக விடுபட்டன. மின்னாக்கிகளின் தாளம் பிரிந்தது. மறுநாளும் அப்படியே நடந்தது. ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதி இருண்டது. ரயில்கள் நடுவழியில் நின்றன. ஒரு சாமந்திப் பூவின் கதை எவ்வளவு பெரிதாகிவிட்டது, பாருங்கள்!

திருச்சியில் அன்று நமக்கு வழக்கமான மின்வெட்டு மட்டுமே! தென்னக மின்தொகுப்பு அப்போது வடக்கோடு நேர்மின்னோட்டப் பாதைகளால் மட்டுமே இணைந்திருந்தது. ஆகவே அந்தத் தாளப் பிசகு இங்கே தொற்றவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதையால் தெற்கும் அதே தாளத்தில் சேர்ந்தது. இன்று நாடு முழுவதும் ஒரே ஊசல்.

இப்போது புதிய சிக்கல் ஒன்று. அனல், நீர்மின் நிலையங்களின் கனத்த சுழலிகள், மாட்டுவண்டிச் சக்கரம் போல, திடீர் மாறுதலைத் தம் எடையாலேயே தாங்கிக்கொள்ளும். சூரிய மின்தகட்டில் சுழல்வது எதுவும் இல்லை. இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் உள்ளது போன்ற சூரிய மின்நிலையங்கள் பெருகப் பெருக, தாளம் காக்க இன்வர்ட்டர்களுக்கு அந்த வித்தையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். மின்பொறியாளரும் கணித அறிஞரும் இன்று சேர்ந்து உழைப்பது இதில்தான்.

நண்பர்களே, ஆறு, இதயம், மின்தொகுப்பு மூன்றும் வெவ்வேறு பாடங்களாகத் தோன்றலாம். வளைகோட்டுக் கணக்கு அவற்றை ஒரே பாடமாக்குகிறது. இன்று மாலையே கணிப்பானை எடுத்து அந்தப் பத்துப் படிகளையும் போட்டுப் பாருங்கள். நாளை ஆய்வுக்கூடத்தில் உங்கள் முள் துள்ளினால், முதலில் இணைப்பைச் சரிபாருங்கள். சரியாக இருந்தும் துள்ளினால், அந்த அளவீட்டை அழிக்காதீர்கள்! பக்கத்தில் தேதி போட்டு, உள்ளபடியே எழுதி வையுங்கள். நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.