டாக்டர் எழுதிய கடிதம்!

சகோதரிகளே, இது எங்கள் வீட்டில் நடந்தது. உங்களுக்கும் ஒரு நாள் உதவலாம் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் புன்னைக்காயல். தாமிரபரணி கடலில் கலக்கும் இடம். வீட்டுக்காரர் கப்பல் வேலையில் இருக்கிறார். போன வருஷம் ஒரு காலையில், மீன் வாங்கப் புறப்பட்ட என் மாமியாருக்கு வாய் கோணிக்கொண்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பக்கவாதம்! தூத்துக்குடிக்கு ஓடினோம். நல்லவேளை, உயிர் பிழைத்தார்.

பத்தாம் நாள் டாக்டர் சொன்னார்: "ஆபத்து தாண்டியாச்சும்மா. ஆனா இன்னும் மூணு வாரம் இங்கேயே தங்கிப் பயிற்சி எடுக்கணும். முதல் மூணு மாசத்துலதான் மூளை வேகமா மறுபடி கத்துக்கும்."

இன்ஷூரன்ஸ் கம்பெனியோ, "இது ஓய்வுக்கும் மறுவாழ்வுக்குமான தங்கல், பணம் கிடையாது" என்று கையை விரித்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாதி உடம்பு அசையாதவரைத் தினமும் ஊரிலிருந்து கூட்டிவர முடியுமா?

டாக்டர் பாலிஸியை வாங்கிப் படித்தார். 2019-ல் ஒழுங்குமுறை ஆணையம் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வகுத்த விலக்கு அது. தலைப்பில் 'மறுவாழ்வு' என்று இருக்கிறது. உள்ளே படித்தால், சிகிச்சையில்லாமல் வெறுமனே படுத்திருப்பதற்கும், குளிப்பாட்டி உடை மாற்றும் பணிவிடைக்கும்தான் பணம் இல்லை என்கிறது!

"வேலூர்ல 1966-லயே டாக்டர் மேரி வர்கீஸ் இதுக்குன்னு தனி நிலையம் ஆரம்பிச்சாங்க. அவங்களே சக்கர நாற்காலியில இருந்தவங்க. நோயாளிங்க சும்மா படுத்துக் கிடக்கவா ஆரம்பிச்சாங்க?" என்றார்.

அன்றே கடிதம் எழுதினார். தண்ணீர் மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வரும் அபாயம், விழுங்கப் பழக்கும் பயிற்சி, தினசரி பிஸியோதெரபி, ரத்த அழுத்தத்துக்குத் தினமும் மாற்றும் மருந்து, இவை வீட்டில் ஏன் முடியாது, ஒவ்வொரு வாரமும் எவ்வளவு முன்னேற்றம் எதிர்பார்க்கிறார் என்று எல்லாம் விவரமாக. கம்பெனி டாக்டரிடம் போனிலும் வாதாடினார். நாலாம் நாள் பதினைந்து நாட்களுக்கு அனுமதி வந்தது. மீதி ஆறு நாளுக்கு நாங்கள் கட்டினோம்.

உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால் கவனியுங்கள்:

• மறுப்பை எழுத்தில் கேளுங்கள்; பாலிஸியின் எந்த விதிப்படி என்றும் கேளுங்கள்.

• அந்தக் காகிதத்தை டாக்டரிடம் காட்டி, 'ஓய்வு அல்ல, சிகிச்சை' என்பதற்கான காரணங்களை எழுதி வாங்குங்கள்.

• கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தியில்லாவிட்டாலோ சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது. ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும்.

• எல்லாக் காகிதங்களுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை இப்போது கோலூன்றி அடுப்படி வரை வருகிறார். நேற்று மீன் குழம்பை ருசி பார்த்துவிட்டு, "ஏட்டி, புளி பத்தலை" என்றார். அந்தக் குரலைக் கேட்க எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா!