இங்கிலாந்தில் டாக்ஸிக் கட்டணத்தை நிர்ணயிப்பவர் யார்?

மேற்படிப்புக்காகவும் வேலைக்காகவும் நம் ஊர்களிலிருந்து இங்கிலாந்து செல்லும் பிள்ளைகள் இன்று பலர். அவர்களை வழியனுப்பும்போது கம்பளிச் சட்டை, மிளகாய்த் தூள், ஊறுகாய், மாத்திரை என ஒன்று விடாமல் பெட்டியில் அடுக்குகிறோம். இரவு பதினொரு மணிக்கு முன்பின் அறியாத ரயில் நிலையத்தில் இரண்டு பெட்டிகளோடு இறங்கி நிற்கும் பிள்ளை எந்த வாடகைக் காரில் ஏறலாம், எதில் ஏறக் கூடாது, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லி அனுப்ப மறந்துவிடுகிறோம்.

சந்தையில் ஒரு கடையில் விலை அதிகமென்றால் அடுத்த கடைக்குப் போகலாம். நள்ளிரவில், மழையில், வழி தெரியாமல் நிற்பவருக்கு அந்த வசதி ஏது? வண்டிக்காரர் சொன்னதே கட்டணம். அவர் போனதே பாதை. இந்தச் சமமற்ற நிலையை உணர்ந்துதான் அந்நாட்டில் டாக்ஸிக் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாதுகாப்பு எல்லா வண்டிகளுக்கும் கிடையாது. இதைத்தான் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

அங்கு வாடகைக் கார்கள் இரு வகைப்படும். முதல் வகை, சட்டத்தில் ‘ஹாக்னி கேரேஜ்’ என்றழைக்கப்படும் உண்மையான டாக்ஸி. லண்டனின் கறுப்பு டாக்ஸிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இவை நிறுத்தத்தில் காத்திருக்கலாம். தெருவில் கை காட்டினால் நிற்கலாம். இரண்டாம் வகை ‘பிரைவேட் ஹயர்’ எனப்படும் வண்டி. உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின் வழியாக முன்பதிவு செய்தால் மட்டுமே இதில் ஏறலாம். இரு வகைக்கும் உரிமம் வழங்குவது அந்தந்த ஊரின் மன்றமே. லண்டன் மாநகரில் மட்டும் டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் என்னும் போக்குவரத்து அமைப்பு இப்பணியைச் செய்கிறது. முன்பதிவு இல்லாமல், “வாருங்கள், கொண்டுபோய் விடுகிறேன்” என்று பிரைவேட் ஹயர் ஓட்டுநர் ஒருவர் அழைத்தால் அது குற்றம். அந்தப் பயணத்துக்குக் காப்பீடும் செல்லாமல் போகலாம். பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.

இந்த ஒழுங்குமுறை நேற்று முளைத்ததன்று. குதிரை வண்டிக் காலத்திலேயே, 1654இல், லண்டன் வாடகை வண்டிக்காரர்களைக் கட்டுப்படுத்த ஓர் ஆணை பிறந்தது. லண்டனுக்கு வெளியே உள்ள ஊர்களுக்காக 1847இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பகுதிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. அதில் ஒரு பிரிவு என்னை வியக்க வைக்கிறது. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் தருவதாகப் பயணி தானே வாக்களித்திருந்தாலும் அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது; இறங்கும்போது உரிய கட்டணத்தை மட்டும் கொடுத்துவிட்டு மிகுதியை மறுக்கலாம் என்கிறது அது. எண்ணிப் பாருங்கள்! இக்கட்டில் நிற்பவர் வாயிலிருந்து வரும் ‘சரி’ முழு மனதான சம்மதம் அன்று என்பதை விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டம் இயற்றியவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

இன்று நடைமுறையில் உள்ள கட்டண முறைக்கு அடிப்படை 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். அதன்படி மன்றம் ஒரு கட்டண அட்டவணையை வகுக்கலாம். வண்டியில் ஏறியவுடன் விழும் தொடக்கக் கட்டணம், அதன்பின் தொலைவுக்கேற்ற கட்டணம், நெரிசலில் நிற்கும் நேரத்துக்கான கட்டணம், இரவுக்கும் கிறிஸ்துமஸ் போன்ற விடுமுறைக்கும் தனி விகிதம் என அது விரிவாக இருக்கும். குடித்துவிட்டு வண்டியை அசுத்தப்படுத்துவோருக்கென்றே பல ஊர்களின் அட்டவணையில் ஒரு தொகை குறிக்கப்பட்டிருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அந்த வரி தேவைப்படாது என நம்புவோம். சக்கர நாற்காலியில் வருபவரிடமோ, பார்வையற்றவர் தம் வழிகாட்டி நாயை உடன் அழைத்து வருவதற்காகவோ கூடுதல் கட்டணம் கேட்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.

மன்றம் தன் விருப்பப்படி ஒரே நாளில் கட்டணத்தை மாற்றிவிட முடியாது. உள்ளூர்ச் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட வேண்டும். குறைந்தது 14 நாட்கள் ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் தர வேண்டும். ஆட்சேபம் வந்தால் அதைப் பரிசீலித்த பிறகே, மாற்றத்துடனோ மாற்றமின்றியோ, கட்டணம் அமலுக்கு வரும். அவ்வாறு அமலாகும் கட்டணம் ஓர் உச்சவரம்பு. ஓட்டுநர் குறைத்து வாங்கலாம், கூட்டி வாங்கக் கூடாது. ஊர் எல்லையைத் தாண்டிச் செல்லும் பயணத்துக்கு வேறு தொகை வேண்டுமென்றால் புறப்படும் முன்பே பேசி முடிக்க வேண்டும். பேசவில்லையென்றால் மீட்டர் காட்டுவதே முடிவு. தேவையின்றிச் சுற்றுவழியில் செல்வதும் குற்றமாகும்.

பிரைவேட் ஹயர் வண்டிகளுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. உரிமம் மன்றத்துடையது, கட்டணமோ நிறுவனத்தின் விருப்பம். கைப்பேசிச் செயலி வழியாக அழைக்கும் ஊபர் போன்றவை இவ்வகையில்தான் அடங்கும். கேட்போர் பெருகினால் அவற்றின் கட்டணமும் பெருகும். 2017 ஜூனில் லண்டன் பாலத்தில் தாக்குதல் நடந்த இரவு, மக்கள் அஞ்சி ஓடிக்கொண்டிருந்த வேளையில் அப்பகுதியில் ஊபர் கட்டணம் ஏறிற்று. கடும் கண்டனத்துக்குப் பிறகு அந்நிறுவனம் பணத்தைத் திருப்பித் தந்தது. அதற்கு முந்திய மாதம் மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்த இரவிலோ டாக்ஸி ஓட்டுநர்கள் பலர் கட்டணம் வாங்காமல் மக்களை வீடு சேர்த்தார்கள். எனவே பிரைவேட் ஹயரில் செல்லும் பிள்ளை, பதிவு செய்யும்போதே தொகையைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். கூலி இன்னதென்று முன்னரே தெளிவாக வேண்டும் என்பது நம் மதரஸாக்களில் இஜாரா பாடத்தில் முதலில் கற்பிப்பதுதானே!

இதுவரை பயணியின் பக்கம் நின்று பேசினோம். வண்டியை ஓட்டுபவரும் ஒரு குடும்பத்தின் தலைவர்தாம். பிராட்ஃபோர்டு, ஓல்டாம் போன்ற ஊர்களில் பாகிஸ்தானின் மீர்ப்பூரிலிருந்தும் பங்களாதேஷின் சில்ஹட்டிலிருந்தும் வந்த நம் சகோதரர்கள் நெசவு ஆலைகளில் இரவு ஷிப்டுகளில் உழைத்தவர்கள். ஆலைகள் மூடப்பட்டபோது அவர்களில் பலர் டாக்ஸித் தொழிலுக்கு வந்தார்கள். இவர்களுக்கு மன்றத்தின் கட்டண வரம்பு இரு முனைக் கத்தி. டீசலும் காப்பீடும் ஏறும். மன்றம் கூடி அட்டவணையைத் திருத்தும்வரை அவர்கள் பழைய கட்டணத்துக்கே ஓட்ட வேண்டும். செயலிக்கு ஓட்டுவோரின் நிலை வேறு. அங்கு கட்டணத்தையும் நிறுவனமே தீர்மானிக்கிறது. ஓட்டுநரின் பங்கையும் நிறுவனமே தீர்மானிக்கிறது. 2021 பிப்ரவரியில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்வோர் அல்லர், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் சம்பளத்துடன் கூடிய விடுப்புக்கும் உரிமையுள்ள தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. அதைப் பெற அவர்கள் ஐந்தாண்டுகளுக்கு மேல் வழக்காட வேண்டியிருந்தது.

உரிமம் என்பது கட்டணத்தோடு முடிந்துவிடுவதன்று. விண்ணப்பிப்பவர் ‘தகுதியும் நேர்மையும் உடையவர்’ என மன்றம் நிறைவடைந்தால்தான் உரிமம் கிடைக்கும். மறுத்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். இந்தச் சோதனையில் அசட்டையாக இருந்தால் என்ன நேரும் என்பதற்கு ராதர்ஹாம் நகரம் சாட்சி. அங்கு 1997 முதல் 2013 வரை சுமார் 1,400 சிறார்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள் என்று 2014இல் வெளிவந்த விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. டாக்ஸி ஓட்டுநர்கள் சிலருக்கு அதில் இருந்த பங்கையும் அது குறித்தது. குற்றவாளிகளில் பெரும்பாலோர் ‘ஆசியர்’ எனப் பாதிக்கப்பட்டோர் கூறியதையும் அது பதிவு செய்தது. இதை நாம் மூடி மறைப்பதில் பொருளில்லை. அந்த வெட்கத்துக்குப் பின்னர் அந்நகர மன்றம் விதிகளைக் கடுமையாக்கி, வண்டிகளில் கேமராவைக் கட்டாயமாக்கியது.

ஆனால் ஓர் ஊர் கடுமையாக இருந்தால் மட்டும் போதுமா? ஒரு மன்றத்தில் உரிமம் பெற்ற பிரைவேட் ஹயர் வண்டி, முன்பதிவின் பேரில் வேறு ஊர்களிலும் ஓடலாம். பதிவுகளை ஊர் தாண்டிக் கைமாற்றுவதை 2015ஆம் ஆண்டின் சட்டம் மேலும் எளிதாக்கியது. வுல்வர்ஹாம்டன் மன்றத்தில் உரிமம் பெற்ற பல்லாயிரம் ஓட்டுநர்களில் பலர் வேறு நகரங்களில் ஓட்டுகிறார்கள். நாடு முழுவதற்கும் ஒரே தரம் வேண்டுமென 2014லேயே அந்நாட்டுச் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. அரசு அதைக் கிடப்பில் போட்டது பெரும் பிழை என்பேன்.

இதனால் உங்கள் பிள்ளைக்கு நடைமுறையில் ஒரு விளைவு உண்டு. மான்செஸ்டரில் ஏறி மான்செஸ்டரிலேயே இறங்கினாலும், வண்டியின் உரிமத் தகட்டில் வேறு மன்றத்தின் பெயர் இருக்கக்கூடும். முறையீடு செய்ய வேண்டியது ஏறிய ஊரின் மன்றத்திடம் அன்று. தகட்டில் பெயர் உள்ள மன்றத்தின் உரிமப் பிரிவிடம். ஆகவே ஏறும்போதே தகட்டின் எண்ணையும் மன்றத்தின் பெயரையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இறங்கும்போது ரசீதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.